இருபத்தாறு பதில்கள்

மதியம் ஒன்றரைக்கு மூடிவிடுவார்கள். இப்போது மணி பதினொன்று பத்து. எங்கள் இணையக் குழுவுக்கு இடம் கொடுத்த கம்பெனி இருக்கிற நாட்டில் தேதி மாறும் நேரம் நமக்கு ஒன்றரை. உறையூரில் சோறு வடித்து ரசம் கொதிக்கிற நேரம். மூன்று மாதம் முன்னாலேயே கடிதம் அனுப்பிவிட்டார்கள், குறை சொல்ல முடியாது. இத்தனை ஆண்டுகள் எங்களோடு இருந்ததற்கு நன்றி, உரையாடல் குழுக்களை நிறுத்திக்கொள்கிறோம், எல்லாச் செய்திகளும் எங்கள் கணினிகளிலிருந்து நிரந்தரமாக நீக்கப்படும், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்பவர்கூட நேரில் வந்து, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்து, கொஞ்சம் தலையைச் சொறிந்துவிட்டுத்தான் சொல்வார். இதில் யார் சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை. வயிறு சரியில்லை என்று அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எழுதித்தான் கொடுத்தேன், சொல்லவில்லை. முப்பத்தேழு வருஷமாக அந்த அலுவலகத்தில் எனக்கு வேண்டியதையெல்லாம் எழுதித்தான் கொடுக்கிறேன். வரைவாளர் வேலைக்கு வாய் வேண்டாம் என்று பதினெட்டு வயதில் கணக்குப் போட்டு வந்தவன். மதகுக்கும் கால்வாய்க்கும் கோடு போட்டால் போதும், கோடு திக்காது. ஆனால் மனிதனுக்கு எங்காவது பேச வேண்டியிருக்கிறதே. அதற்காகத்தான் பதினேழு வருஷம் முன்னால் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு இத்தனை என்று உட்கார்ந்து அந்தக் குழுவை ஆரம்பித்தேன். பெயர் 'அவசரமில்லை'. திக்கிப் பேசுகிறவர்கள் மட்டும் சேரலாம். ஒரே ஒரு விதி: மூச்சை இழுத்துவிட்டு நிதானமாகப் பேசு என்று யாரும் யாருக்கும் சொல்லக்கூடாது. முதல் நாள் நான் ஒருவன். ஒரு மாதத்தில் பதினாலு பேர். உச்சத்தில் இருநூற்றுப் பத்து. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்த காலம் அது, 'naan pesa vendum' என்று. பிறகு தமிழ் எழுத்து வந்தது. வழக்கறிஞர், கண்டக்டர், கல்யாணத்தில் தாலி கட்டிவிட்டு நன்றி சொல்லத் தெரியாமல் நின்றவர், அப்பா செத்த செய்தியைப் போனில் சொல்ல முடியாமல் வைத்துவிட்டு ஓடியவர். என் பக்கமிருந்து எவ்வளவு ஓடியது! எழுத்தில் எனக்கு அணையே கிடையாது. பக்கம் பக்கமாக எழுதுவேன். அங்கே என்னைப் பார்த்த யாரும் நான் பேசத் தெரியாதவன் என்று நம்பமாட்டார்கள். அங்கே இருந்த யாருமே பேசத் தெரியாதவர்கள் இல்லை.

மற்றவர்கள் போய்விட்டார்கள். ஓசூர் கென்னடி போன மாதமே செல்போனில் ஒரு குழு தொடங்கி முப்பத்தோரு பேரைச் சேர்த்துவிட்டான். நல்ல பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், அவன்தான் பழைய செய்திகள் அத்தனையையும் இறக்கிக்கொள்ள எனக்கு ஒரு சின்ன நிரலை எழுதி அனுப்பினான். நான்கு நாள் ஓடியது. பதினெட்டாயிரத்து நானூற்றுச் சொச்சம் செய்தி. இப்போது என் மேசைக்குக் கீழே இந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கிறது, பதினேழு வருஷம், ஒரு கல்யாண வீடியோ அளவுக்குக்கூட இல்லை என்றான் கென்னடி. புதுக் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறான். அங்கே எல்லோரும் குரலைப் பதிவு செய்து போடுகிறார்கள். தைரியமாகத் திக்குவோம் என்று ஒரு பழக்கம் ஆரம்பித்திருக்கிறார்கள், இளம் வயதுக்காரர்கள். கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்கக் கேட்கத் தாடை வலிக்கிறது எனக்கு. அவர்கள் நிற்கிற இடத்திலெல்லாம் நானும் நின்று தள்ளுகிறேன் போலிருக்கிறது. ஐந்து வாரமாக நான் ஒரு வார்த்தையும் போடவில்லை. சோர்வு. ஐம்பத்தைந்து வயதில் இன்னொரு வீட்டுக்குச் சாமான் மாற்றுகிற சோர்வு. கூடத்தில் என் மனைவி நீலாவின் தையல் மெஷின் ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது. யாருடைய ரவிக்கைக்கோ கை வைக்கிறாள். சீக்கிரம் வந்துவிட்டீர்களே என்று கேட்டாள், வயிற்றைக் காட்டினேன், ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். அது இங்கே மானிட்டர் பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கிறது. வயிற்றுக்கு ஒன்றுமில்லை. ஒருத்தியிடம் சொல்லவில்லை, அதுதான். இருநூற்றுப் பத்துப் பேரில் முகவரி இருக்கிற எல்லோருக்கும் தனித்தனியாக எழுதினேன், மூடப்போகிறார்கள், கென்னடியின் குழுவுக்கு வந்துவிடுங்கள் என்று. பாதிப் பேரின் மின்னஞ்சல் பெட்டி செத்துப்போய்விட்டது, திரும்பி வந்தது. அவளுடையதும் திரும்பி வந்தது. மூன்று முறை அனுப்பினேன். பெட்டி நிரம்பிவிட்டது என்று மூன்று முறையும் அதே பதில். மற்றவர்கள் என்றால் விட்டுவிடுவேன். அவளை விட முடியாது.

உப்புக்காற்று என்ற பெயரில் எழுதுவாள். உடன்குடிப் பக்கம். பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கிளார்க். இரண்டு வருஷம் சும்மா படித்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் எழுத ஆரம்பித்தாள், அண்ணாச்சி, அண்ணாச்சி என்று. ஒன்பது வருஷம் ஆகிறது, அது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல், இதே நாற்காலி. நாளையிலிருந்து நான் இருக்கமாட்டேன் அண்ணாச்சி என்று ஒரே ஒரு வரி வந்தது. பிறகு இன்னொன்று. அவள் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. குழந்தை திக்க ஆரம்பித்துவிட்டது. உன் வாயைக் குழந்தைக்கும் ஒட்ட வச்சிட்டியே என்று மாமியார் சொல்லியிருக்கிறாள், அதைக் கேட்டுக்கொண்டு புருஷன் செய்தித்தாள் படித்திருக்கிறான். நான் பக்கத்தில் இருந்தால்தானே அவள் என்னைப் பார்த்துத் திக்குவாள், நான் இல்லாவிட்டால் அவள் வாய் நேராகிவிடும் என்று எழுதினாள். ஒரு போன் நம்பர் கொடுங்கள் என்று அடித்தேன். கொடுத்தாள். சங்கத்து நம்பர், பெயர் தங்கபுஷ்பம், ஞாயிற்றுக்கிழமையும் இங்கேதான் இருக்கிறேன், வேலை மிச்சம் இருக்கிறது. நம்பரைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். எனக்குத் தெரியும், காத்திருந்தாள். நான் கூப்பிடவில்லை. டெலிபோன் அப்போது கூடத்தில் இருந்தது, எட்டு அடி. எழுந்தேன், நின்றேன், உட்கார்ந்தேன், எழுதினேன். ஒரு பதில், அதற்கு அவள் ஒன்று, மறுபடி நான் ஒன்று. சாயங்காலம் வரை இருபத்தாறு பதில் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் என்று அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன், அலுவலகத்தில் யாராவது என் பேச்சைப் போலப் பேசிக் காட்டும்போது, என் பெயரைச் சொல்ல நான் வாயைத் திறந்துகொண்டு நிற்க கவுண்டரில் இருப்பவன் அடுத்த ஆளைக் கூப்பிடும்போது, மனசுக்குள் போய் அந்த இருபத்தாறைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். பத்தொன்பதாவது பதில் அப்படியே மனப்பாடம். ஆனால் தொடும்போதெல்லாம் அந்த எட்டு அடியும் கூடவே வரும். குரல் கொடுக்க வேண்டிய இடத்தில் தட்டச்சு செய்தவன். கடைசியாக அன்றைக்கு அவள் எழுதினாள்: இந்த இடம் இருக்கிற வரைக்கும் நானும் இருக்கேன் அண்ணாச்சி. மறுநாள் இருந்தாள். அந்த வருஷம் முழுக்க எழுதினாள். பிறகு குறைந்தது, மாதம் ஒன்று, வருஷம் ஒன்று. நாலு வருஷமாக ஒன்றுமில்லை. படித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். ஏதோ ஒரு மதியம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள், வாசல் விளக்கு எரிகிறதா என்று. நாளைக்கு வந்து பார்க்கும்போது இந்தப் பக்கம் இல்லை என்று வெள்ளையாக ஒரு திரை வரும். அதுதான் மூன்று மாதமாக என் மார்பில் உட்கார்ந்திருக்கிறது. மூன்று மாதம் இருந்தது கூப்பிட. இன்றைக்குத்தான், கடைசி இரண்டு மணி நேரத்தில்தான் கை போகிறது.

பன்னிரண்டு நாற்பது ஆகிவிட்டது. ஓமத் தண்ணீரைக் குடித்தேன். நீலாவைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லலாம். கேஸ், டாக்டர், என் அக்கா வீடு எல்லாம் அவள்தான் பேசுகிறாள், கையை நீட்டினால் போதும், போனை வாங்கிக்கொள்வாள். ஆனால் என்ன சொல்லிப் பேசச் சொல்வது? இப்படி ஒரு குழு இருக்கிறது, அதில் ஒரு பெண், அவள் சாகப் போனாள், அவளிடம் என்னைப் பற்றி... நீலாவுக்கு இந்தக் குழு இருப்பதே தெரியாது. அவளைப் பற்றியும் அங்கே எழுதியிருக்கிறேன், என் வார்த்தையை முந்திக்கொண்டு முடித்துவைக்கிறாள், அந்த நேரத்தில் அவளைப் பிடிக்காமல் போகிறது என்று. இருநூறு பேருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. வேண்டாம். நம்பரைப் போட்டேன். ஒன்பது வருஷத்தில் மாறியிருக்கும், மாறியிருக்க வேண்டும் என்று ஏதோ ஒன்று வேண்டிக்கொண்டது எனக்குள். மணி அடித்தது. ஒரு ஆண் குரல், "சங்கம்." வாயைத் திறந்தேன். தங்கபுஷ்பம் என்பதில் முதல் எழுத்து நாக்குக்கும் பல்லுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. அதைத் தள்ளுகிறேன், கழுத்து நரம்பு புடைக்கிறது, கண் மூடிக்கொள்கிறது. "ஹலோ... யாரு? பேசுதது யாருன்னு கேக்கேன்... ஆளு இருக்கா இல்லையா?" இருக்கிறேன். ஆள் இருக்கிறேன். "காலைல இருந்து இதே வேலையாப் போச்சு" என்று யாரிடமோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தெருவில் தண்ணீர் லாரி பின்னால் வருகிற சத்தம் பிப் பிப் என்று கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டேன். இந்த முறை முதல் பாதியை விட்டுவிட்டேன். "பு... புஷ்பம்" என்றேன், தும்மல் போல வெளியே விழுந்தது. "புஷ்பம்மாவா? அதச் சொல்லுததுக்கு என்ன? இருங்க. ஏ புஷ்பம்மா, ஒனக்குப் போனு." ரிசீவரை மேசையில் வைக்கிற சத்தம். பின்னால் தராசுத் தட்டில் எதையோ கொட்டுகிறார்கள். கூடத்தில் தையல் மெஷின் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"ஹ... ஹலோ" என்றாள். அந்த ஹ-வில் அவள் கால் தடுக்கியதைக் கேட்டதும் எனக்கு ஏனோ கண் கலங்கியது. இத்தனை வருஷம் எழுத்தில் படித்த பெண்ணின் குரல் இப்படிக் கட்டையாக இருக்கும் என்று நினைத்ததில்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன். என் பெயர் வரவில்லை. அவள் யாரு என்று கேட்கவில்லை. ஹலோ ஹலோ என்று அடிக்கவில்லை. காத்திருந்தாள். என் வாழ்நாளில் போனில் எனக்காக யாரும் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை. பிறகு அவளே மெதுவாக, "அண்ணாச்சியா?" என்றாள். "ஆமா" என்றேன். "திருச்சி அண்ணாச்சி?" "ஆமா." அதற்குப் பிறகு பேச்சு நகர்ந்தது, ஓட்டமாக இல்லை, இரண்டு பேரும் மாற்றி மாற்றி நின்றோம், யாராவது குறுக்கே கேட்டிருந்தால் லைன் போய்விட்டது என்று நினைத்திருப்பார்கள். குழுவை மூடப்போகிறார்கள் என்றேன். எந்தக் குழு என்றாள். நான் திகைத்துப்போனேன். "அவசரமில்லை" என்றேன். "ஓ, அதுவா. அது இன்னும் இருக்கா அண்ணாச்சி?" என்றாள். நாலு வருஷமாக அந்தப் பக்கமே போகவில்லையாம். கடவுச்சொல் மறந்துவிட்டதாம். நான் எட்டிப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்த வாசலில் நாலு வருஷமாக யாரும் வரவில்லை. சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷம்தான். ஆனால் மூன்று மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனதும் அந்த இடம் காலியாகக் கிடந்து வலித்தது. "நல்லாருக்கீங்களா?" என்று கேட்டேன். "நல்லாருக்கேன். மாமியா போயி சேந்துட்டா. எம்மவ பத்தாவது படிக்கா." "அவ பேச்சு?" "தி... திக்கும். ஆனா அவ அதப் பெருசா எடுக்கல. சுதந்திர தினத்துக்கு மைக்கப் புடிச்சிப் பேசுனா. நின்னு நின்னு பேசுனா. முடிச்சிட்டுத்தான் எறங்குனா." சிரித்தாள். நானும் சிரித்தேன். மணி ஒன்று ஐந்து.

அப்புறம் அவள் குரல் தணிந்தது. பக்கத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும். "அண்ணாச்சி, மூடிட்டா அதெல்லாம் அழிஞ்சிருமா? நான் எழுதுனதெல்லாம்?" "அழிஞ்சிடும்." "நெசமா? ஒண்ணும் மிஞ்சாதுல்லா?" அவள் மூச்சு விடுவது கேட்டது. "நல்லது அண்ணாச்சி. எனக்கு அது பெரிய பயம். எம்மவ போன வருசத்துல இருந்து கம்ப்யூட்டர் படிக்கா, எதையும் தேடி எடுத்துருதா. அவ பேச்சு நேராவணும்னுதான் நான் போவ நெனச்சேன்னு அவ படிச்சிரக் கூடாது. என்னாலதானம்மான்னு கேட்டுட்டான்னா நான் என்ன சொல்லுவேன்? அழிக்கணும்னு எத்தன தடவ நெனச்சேன், உள்ள போவ முடியல. அவனே மூடுதானா, நல்லாருக்கட்டும்." பிறகு கேட்டாள், சும்மா ஒரு உறுதிக்குக் கேட்பது போல, "வேற யாரும் எடுத்து வச்சிருக்க மாட்டாவல்லா?" நான் மேசைக்குக் கீழே பார்த்தேன். பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தேன். இ என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டேன். இல்லை என்பதற்கும் இருக்கிறது என்பதற்கும் நம் பாஷையில் முதலெழுத்து ஒன்றே. இ-யில் நின்றுகொண்டிருந்தேன், அந்தப் பக்கம் அவள் எது வரப்போகிறது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். எனக்கும் தெரியவில்லை. எளிதாகச் சொல்ல வருகிற வார்த்தையைத்தான் ஆயுள் முழுக்கச் சொல்லியிருக்கிறேன், பூரி வேண்டும் என்று போய் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுவிட்டு வந்தவன். இல்லை என்றால் அவள் நிம்மதியாகப் போனை வைப்பாள், இருபத்தாறும் எனக்கு மிஞ்சும், யாருக்குத் தெரியப்போகிறது, நான் யாரிடம் காட்டப் போகிறேன், நான் செத்த பிறகு இந்தப் பெட்டியை எடைக்குப் போடுவார்கள். அல்லது யாராவது திறப்பார்கள். தாடை இறுகி வலித்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. "இ... இருக்கு" என்றேன். "எங்கிட்ட இருக்கு. நான் மட்டும்தான் எடுத்து வச்சிருக்கேன்." அவள் வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. இது திக்கல் இல்லை, எனக்கு வித்தியாசம் தெரியும். "பதினேழு வருசத்தையுமா?" என்றாள். "ஆமா." "எதுக்கு அண்ணாச்சி?" காலை நீட்டிப் பெட்டியின் பச்சை விளக்கை மறைத்துக்கொண்டேன். "அழிச்சிருங்க, என்ன. என்னோடத மட்டும்." "சரிம்மா." "இன்னிக்கே." "இன்னிக்கே." பிறகு, "நீங்க கூப்புடுவியன்னு அன்னிக்கு நெனச்சேன்" என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று நினைத்தேன் என்பது போலச் சொன்னாள். "அதுக்கென்ன, இன்னிக்குக் கூப்புட்டியல்லா. வைக்கட்டா? எடை போட ஆளு நிக்கி."

போனை வைத்தபோது நீலா அறை வாசலில் நின்றாள், வாயில் இரண்டு குண்டூசியைக் கடித்தபடி. அவற்றை எடுத்து ரவிக்கைத் துணியில் குத்திக்கொண்டு, "யாருங்க?" என்றாள். "இவ்வளவு நேரம் நீங்க போன்ல பேசி நான் பார்த்ததே இல்லை." தெரிந்தவர்கள் என்றேன். அழுதீர்களா என்று கேட்கவில்லை. "சாப்பாடு எடுத்து வைக்கவா?" "கொஞ்சம் வேலை இருக்கு. முடிச்சிட்டு வர்றேன்." போய்விட்டாள். உப்புக்காற்று என்று தேடினேன். நூற்றொன்பது செய்தி. அவற்றை ஒரு நிமிஷத்தில் அழித்துவிட்டேன். அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் காலத்துக் குழுக்களில் பதில் எழுதினால் கேட்டவரின் வரிகளும் கீழே அப்படியே ஒட்டிக்கொண்டு வரும், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு அம்புக்குறியோடு. 'என் மகள்' என்ற வார்த்தைகளைத் தேடினேன். அவள் எழுதியது கண்டக்டரின் பதிலுக்குக் கீழே இருந்தது, கென்னடியின் பதிலுக்குக் கீழே இருந்தது, யார் யாரோ ஆறுதல் சொன்னதற்குக் கீழெல்லாம் இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து அம்புக்குறி போட்ட வரிகளை நீக்கினேன். நாற்பத்தோரு இடம். நீலா வந்து பார்த்துவிட்டு ஒரு தட்டில் சோறு பிசைந்து கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். இடது கையால் அழித்துக்கொண்டே சாப்பிட்டேன். நடுவில் மணியைப் பார்த்தேன், இரண்டே கால். ஒன்றரை எப்போதோ போய்விட்டது. கம்பெனியின் பக்கத்தைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. கடைசியாக என்னுடைய இருபத்தாறு. கீழே இருந்த அவள் வரிகளை மட்டும் எடுத்தால் போதும் என்றுதான் ஆரம்பித்தேன். முதல் பதிலைப் படித்தேன். உங்கள் மகள் உங்களைப் பார்த்துத் திக்கவில்லை அம்மா, என்று தொடங்கியிருந்தேன். இரண்டாவது, குழந்தையை விட்டுவிட்டுப் போக நினைக்காதீர்கள். அவள் சொன்னது முழுவதும் என் பதிலில் இருந்தது. கேள்வியே தேவையில்லை, பதிலைப் படித்தால் ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு எல்லாம் புரிந்துவிடும். என்னோடத மட்டும் என்றுதான் சொன்னாள். இவை என்னுடையவை. கையில் சோறு காய்ந்துவிட்டது. பிறகு ஒவ்வொன்றாகப் படித்தேன், ஒவ்வொன்றாக அழித்தேன். பத்தொன்பதாவதை நான் நினைத்திருந்த அளவுக்கு நன்றாக எழுதியிருக்கவில்லை. இருபத்திரண்டாவது அதைவிட நன்றாக இருந்தது, அது எனக்கு ஞாபகமே இல்லை. அதையும் அழித்தேன். கடைசிப் பதிலில் 'நாளைக்கு' என்பதில் ஒரு கால் விட்டுப்போயிருந்தது. நளைக்கு. ஒன்பது வருஷமாக யார் கண்ணிலும் படவில்லை. கர்சரைச் சரியான இடத்தில் கொண்டுபோய் வைத்து அந்தக் காலைப் போட்டேன். ஒரு முறை படித்துப் பார்த்தேன். பிறகு அழித்தேன்.